ஐந்து நாள் மீன்குஞ்சுக்குத் தடுப்பு மருந்து ஊற்றலாமா?

சேரன்மகாதேவி வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கங்களுக்கு விரிவாக எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அவருக்கு ஒரு ஏக்கர் மீன் குளமும், அதை ஒட்டி இரண்டு நாற்றங்கால் குட்டைகளும் இருக்கின்றன. தனியார் பொரிப்பகம் ஒன்றிலிருந்து கட்லா, ரோகு, மிர்கால் நுண்குஞ்சுகளை மூன்று நாள் வயதில் வாங்கி வந்து, இருபது நாள் வளர்த்து, ஒரு பகுதியை விற்றுவிட்டு, மிச்சத்தைத் தம் குளத்திலேயே விடுகிறார். சென்ற ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்த மறுவாரம், கால் கிலோ எடைக்கு வந்திருந்த மீன்களின் உடலில் சிவந்த புண்கள் தோன்றின. சிலவற்றுக்கு வயிறு உப்பிச் செதில்கள் நிமிர்ந்து நின்றன. ஏறக்குறைய அறுநூறு மீன்கள் செத்துப்போயின. இந்த ஆண்டு அதற்கும் முன்பாகவே, நாற்றங்காலில் விட்ட முதல் வாரத்திலேயே பாதிக் குஞ்சுகளைக் காணவில்லை.

இந்த நிலையில் தீவனம் விற்பவர் ஒருவர், ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு புட்டியைக் கொடுத்து, குஞ்சு வந்த ஐந்தாம் நாளே தண்ணீரில் ஊற்றிவிட்டால் ஆயுசுக்கும் நோய் அண்டாது என்று சொல்லியிருக்கிறார். புட்டியின் மேல் கையால் எழுதிய ஒரு சீட்டைத் தவிர வேறெதுவும் இல்லை. கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன், “மீனுக்கும் நம்மைப் போல எதிர்ப்பொருள் உண்டு, கொடுத்துப் பார்க்கலாம்” என்கிறார். “மருந்து குடிச்ச மீனு நம்ம வீட்டுக்கு வேண்டாம்” என்கிறார் அத்தை. சகோதரியின் கேள்வியை அவருடைய வார்த்தைகளிலேயே தருகிறேன்: “கோழிக்குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணுல சொட்டு மருந்து விடுதோம்லா, அதே மாதிரி மீன்குஞ்சுக்கும் விட்டா என்ன? எத்தனை நாள்ல அதுக்கு எதிர்ப்புச் சக்தி வரும்? தாய் மீனுக்கு ஊசி போட்டா குஞ்சுக்கு வருமா? வாங்கின புட்டிய நான் என்ன செய்ய?”

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் புட்டியை ஊற்ற வேண்டாம். மூடியைத் திறக்காமல் அப்படியே வைத்திருங்கள். பணத்தைப் பற்றிப் பின்னால் பேசுவோம். ஏன் ஊற்றக்கூடாது என்பது விளங்க வேண்டுமானால், மீனின் உடலில் எதிர்ப்பொருளை, அதாவது கிருமியைப் பிடித்து முடக்கும் புரதத்தை, செய்யும் செல் எங்கே பிறக்கிறது, எப்போது பிறக்கிறது, எப்போது வேலைக்குத் தயாராகிறது என்ற மூன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

கோழிக்குஞ்சும் மீன்குஞ்சும்

கோழியை வைத்து மீனை யோசித்தது இயல்புதான். வெள்ளைக்கழிச்சல் நோய்க்குச் சொட்டு மருந்து விட்டு, அது பலித்ததையும் நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் இந்த இரண்டு குஞ்சுகளும் ஒரே வயதில் ஒரே நிலையில் இருப்பதில்லை. கோழிக்குஞ்சு 21 நாள் ஓட்டுக்குள் இருந்து வளர்ந்து வருகிறது. அந்த நாட்களிலேயே, கழிவாய்க்கு மேற்புறம் உள்ள பர்சா என்னும் சிறு பையில் எதிர்ப்பொருள் செய்யும் செல்கள் உருவாகிவிடுகின்றன. அந்தச் செல்களுக்குப் பி செல் என்று பெயர், அதில் உள்ள ‘பி’ என்னும் எழுத்தே அந்தப் பர்சாவிலிருந்து வந்ததுதான். ஆகவே ஓட்டை உடைத்து வெளியே வரும் கோழிக்குஞ்சு ஓரளவு ஆயத்தமான ஒரு படையோடு வருகிறது.

ரோகு, கட்லா முட்டையோ நம் பக்கத்துத் தண்ணீரின் சூட்டில் பதினைந்து, பதினெட்டு மணி நேரத்தில் பொரிந்துவிடுகிறது. 21 நாள் எங்கே, ஒரு நாள்கூட ஆகாத இது எங்கே? பொரிந்து வரும் நுண்குஞ்சுக்கு வாய் திறந்திருக்காது, மஞ்சள் கருப்பை வயிற்றில் தொங்கும். உண்மையில் அது இன்னும் கருவாகத்தான் இருக்கிறது, ஓட்டுக்கு வெளியே வந்துவிட்டது என்பது மட்டுமே வேறுபாடு. கோழிக்குஞ்சு ஓட்டுக்குள் முடித்துவிட்டு வரும் வேலைகளில் பலவற்றை மீன்குஞ்சு உங்கள் நாற்றங்கால் குட்டையில், பூச்சிகளுக்கும் நுண்ணுயிர்களுக்கும் நடுவில் நீந்திக்கொண்டே செய்ய வேண்டியிருக்கிறது. ஐந்தாம் நாள் குஞ்சு உங்கள் கண்ணுக்குத் துள்ளுகிற மீனாகத் தெரிந்தாலும், எதிர்ப்பொருள் விஷயத்தில் அது அடைகாக்கும் முட்டையின் நிலையில்தான் இருக்கிறது.

மீன் ஆயும்போது நீங்கள் சுரண்டி எறிவது

மனிதருக்கு எதிர்ப்பொருள் செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. மீனின் எலும்பில் அப்படி இரத்தம் ஊறும் மஜ்ஜை கிடையாது. நம் கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுகிற நிணநீர் முடிச்சுகளும் மீனுக்கு இல்லை. பர்சாவும் இல்லை. அப்படியானால் எங்கே பிறக்கின்றன என்று கேட்டால், நீங்கள் வாரத்தில் இரண்டு நாள் அந்த இடத்தைக் கையால் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மீன் ஆயும்போது குடலையும் ஈரலையும் எடுத்த பிறகு, முதுகெலும்பை ஒட்டி உறைந்த இரத்தம் போலக் கருஞ்சிவப்பாக ஒன்று படிந்திருக்கும். கத்தி நுனியாலோ கட்டைவிரல் நகத்தாலோ அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் கழுவுவீர்கள். அது இரத்தக் கட்டி அன்று, மீனின் சிறுநீரகம். அதன் முன்பகுதி தலைக்குப் பின்னே, செவுள் அறை முடியும் இடத்துக்கு மேலே சற்றுப் பருத்திருக்கும். அதைத் தலைச்சிறுநீரகம் என்கிறோம். பெயரில் சிறுநீரகம் இருந்தாலும், வளர்ந்த மீனில் அது சிறுநீர் பிரிக்கும் வேலையைச் செய்வதில்லை. இரத்தச் செல்களையும் எதிர்ப்புச் செல்களையும் பெற்றெடுப்பதுதான் அதன் வேலை. அடுத்த முறை ரோகு ஆயும்போது மகனை அருகில் அழைத்துக் காட்டுங்கள். பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்ததைக் கையில் எடுத்துப் பார்த்தால் அவருக்கு மறக்காது.

அந்தக் கருஞ்சிவப்புச் சதைக்குள் மூலச் செல் ஒன்று படிப்படியாக மாறிப் பி செல் ஆகிறது. அந்த மாற்றத்தின் நடுவில் நடக்கும் ஒரு வேலை மிக நுட்பமானது. எதிர்ப்பொருளின் நுனி எந்தக் கிருமியைப் பிடிக்கும் என்பதைத் தீர்மானிக்கும் மரபணு, பிறக்கும்போதே முழுதாக எழுதப்பட்டிருப்பதில்லை. அது துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒவ்வொரு செல்லும் அந்தத் துண்டுகளில் சிலவற்றைத் தேர்ந்து, இடையில் உள்ளவற்றை வெட்டி எறிந்து, தனக்கென்று ஒன்றை ஒட்டிக்கொள்கிறது. உங்களுக்குப் பக்கத்து ஊரான பத்தமடையில், நாலைந்து சாயம் தோய்த்த அதே கோரையை வரிசை மாற்றிக் கோத்துப் பாய்க்குப் பாய் வேறு கோலம் வரும்படி நெய்கிறார்களே, அதைப் போன்றது இது. கையளவு துண்டுகளிலிருந்து எண்ணி முடியாத வகைகள் பிறக்கின்றன. பாலூட்டிகளில் இந்த வெட்டி ஒட்டும் முறையைக் கண்டறிந்து விளக்கியதற்காகத்தான் சுசுமு டோனேகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மீனிலும் இதே முறை, இதே நொதிகளைக் கொண்டு நடக்கிறது. இந்த அளவில் உங்கள் மகன் சொன்னது முழு உண்மை.

வெட்டி ஒட்டி முடித்த செல், தான் செய்த எதிர்ப்பொருளின் ஒரு நகலைத் தன் மேற்பரப்பில் மாட்டிக்கொண்டு இரத்தத்தோடு புறப்பட்டு, மண்ணீரலுக்கும் செவுளுக்கும் குடலுக்கும் போய்ச் சேர்கிறது. தனக்குப் பொருந்தும் கிருமியைச் சந்தித்தால் பெருகுகிறது. அப்படிப் பெருகியவற்றில் ஒரு பகுதி, எதிர்ப்பொருளைக் கொட்டிக்கொண்டே இருக்கும் பிளாஸ்மா செல்களாக மாறுகிறது. நீண்ட நாள் வாழும் பிளாஸ்மா செல்கள் பிறந்த வீட்டுக்கே, அதாவது தலைச்சிறுநீரகத்துக்கே, திரும்பி வந்து தங்கி அங்கிருந்து இரத்தத்துக்கு எதிர்ப்பொருளை அனுப்புவதை டிரவுட் மீனில் பார்த்திருக்கிறார்கள். தொட்டிலும் அதுவே, பணியிடமும் அதுவே.

இந்த வேலையில் பி செல் தனி ஆளும் அன்று. பெரும்பாலான கிருமிகளுக்கு எதிராக அது முழு வேகத்தில் இயங்க, டி செல் என்னும் இன்னொரு வகை எதிர்ப்புச் செல்லின் உதவி வேண்டும். டி செல் வளரும் இடம் தைமஸ். மீனில் அது செவுள் அறையின் மேல் மூலையில், மெல்லிய தோலுக்கு அடியில் இருக்கிறது. மீன்குஞ்சில் எதிர்ப்பு உறுப்புகளுள் முதலில் முதிர்வது தைமஸ்தான். மண்ணீரல் மிகவும் பிந்துகிறது.

நாள் கணக்கு

இந்தக் கணக்கைக் கெண்டை இனத்தில் சாதாக்கெண்டையை வைத்து நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். தம் மேற்பரப்பில் எதிர்ப்பொருளை மாட்டிய பி செல்கள் அதில் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன. எதிர்ப்பொருளைக் கொட்டும் பிளாஸ்மா செல்கள் வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. அவை வளர்ந்த மீனின் அளவுக்குப் பெருகப் பல மாதங்கள் பிடிக்கின்றன. ரோகுவுக்கும் கட்லாவுக்கும் நாட்கள் சற்று முன்பின்னாக இருக்கலாம், வரிசை மாறாது.

இதை உங்கள் தொழிலின் நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள். நுண்குஞ்சு மூன்றாம் நாள் வருகிறது. இருபதாவது, இருபத்தைந்தாவது நாளில் ஓரங்குலக் குஞ்சாக நீங்கள் விற்கிறீர்கள். அதாவது எதிர்ப்பொருள் கொட்டும் செல்கள் வரும் முன்பே அந்தக் குஞ்சு உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. ஐந்தாம் நாள் எந்தத் தடுப்பு மருந்தை ஊற்றினாலும், அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் செல் அந்த உடலில் இல்லை.

வீணாகிப் போவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. முதிராத வயதில் எதிர்ப்புச் செல்கள் தம் உடலின் பொருட்களை அடையாளம் கண்டு, அவற்றைத் தாக்காமல் இருக்கப் பழகுகின்றன. அந்தப் பருவத்தில் ஒரு கிருமியின் பொருள் ஏராளமாக உள்ளே வந்தால், அதையும் வீட்டு ஆள் என்று எண்ணி விட்டுவிடும் வாய்ப்பு உண்டு. மிக இளம் கெண்டைகளுக்கு இப்படிக் கொடுத்தபின், வளர்ந்த வயதில் அதே பொருளுக்கு மந்தமாக வினைபுரிந்ததைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். எல்லா மருந்துக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. பயனே இல்லாத ஒன்றுக்காக இந்த ஆபத்தை ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அப்படியானால் முதல் மாதம் குஞ்சு எதை வைத்துப் பிழைக்கிறது? உடலைப் போர்த்திய வழுவழுப்பான சளி, அதிலுள்ள கிருமியைக் கரைக்கும் நொதிகள், கிருமியை விழுங்கும் செல்கள், தாய் முட்டையில் வைத்துக் கொடுத்தது ஆகியவைதான் அதற்குத் துணை. ஆகவேதான் குஞ்சை முரட்டு வலையில் அள்ளிச் சளியைத் துடைத்துவிடாதீர்கள் என்று நான் போகும் இடமெல்லாம் சொல்கிறேன்.

உங்கள் நாற்றங்காலில் முதல் வாரம் காணாமல் போன குஞ்சுகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதை நோய் என்றே முடிவு செய்துவிட்டீர்கள். செத்து மிதந்த குஞ்சுகளைப் பார்த்ததாகக் கடிதத்தில் எங்கும் இல்லை, காணவில்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதில் குஞ்சைத் தின்பது பெரும்பாலும் நீர்ப்பூச்சிகள். அடுத்தது பட்டினி, அதாவது குஞ்சு விடும் நாளில் குட்டையில் நுண்ணுயிர் மிதவைகள் போதிய அளவு ஊறாமல் இருப்பது. குட்டையைக் காயவிட்டுச் சுண்ணாம்பு இட்டு, சாணம் கரைத்து மிதவைகளை வளர்த்து, குஞ்சு விடுவதற்கு முந்தின நாள் சோப்பு எண்ணெய்க் கரைசல் தெளித்துப் பூச்சிகளை ஒழித்தீர்களா என்பதை நினைத்துப் பாருங்கள். இதற்கு எந்த எதிர்ப்பொருளும் உதவாது.

ஆயுசுக்கும் காவல் என்ற பேச்சு

மகன் சொன்னதில் ஒரு சிறு திருத்தம். மீனின் எதிர்ப்பொருள் நம்முடையதைப் போலவே கட்டப்பட்டதுதான், ஆனால் முற்றிலும் அதே அன்று. மீனின் இரத்தத்தில் முக்கியமானது ஐஜிஎம் என்னும் வகை. நம்மிடம் அது ஐந்து அலகுகள் சேர்ந்தது, மீனில் நான்கு. நமக்கு முதலில் ஐஜிஎம் வந்து, பிறகு செல் தன் சரக்கை மாற்றி, கூர்மையாகப் பிடிக்கும் ஐஜிஜி முதலிய வகைகளைச் செய்யும். மீனின் செல்லுக்கு அந்த வகைமாற்றம் இல்லை. குடல், செவுள், தோல் ஆகியவற்றின் சளியில் காவல் நிற்க ஐஜிடி என்று தனி வகை ஒன்று பல மீன்களில் இருப்பதை 2005இல் கண்டார்கள். வரிக்குதிரை மீனில் அதே ஆண்டு கண்டதற்கு ஐஜிஸட் என்று பெயர். இவற்றைச் செய்யும் பி செல்கள் தனிக் கிளை. மீனின் பி செல் கிருமியை நேராக விழுங்கவும் செய்யும் என்பது 2006இல் தெரியவந்தது. நம் பி செல்களிடம் பொதுவாகக் காணாத திறமை இது. பாட நூலில் இன்னும் ஏறாத செய்தியாக இருந்தால் மகன் தம் ஆசிரியரிடம் கேட்கட்டும்.

இரண்டாம் முறை அதே கிருமி வரும்போது மீனும் முன்னைவிட விரைவாக, சற்று மிகுதியாக எதிர்ப்பொருள் செய்யும். ஆனால் நமக்கு நடப்பது போலப் பல மடங்கு பாய்ந்து ஏறுவதில்லை, கூர்மையும் அவ்வளவாகக் கூடுவதில்லை. ஆகவே ஒருமுறை ஊற்றினால் ஆயுசுக்கும் போதும் என்பது மீன் விஷயத்தில் விற்பவர் வாய்ச்சொல். சால்மன், டிரவுட் மீன்களை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1982இல் வந்தது. ஒரு கிராம் எடையில் முக்கிய குஞ்சுக்குப் பாதுகாப்பு ஏறக்குறைய நான்கு மாதமும், நான்கு கிராமுக்கு மேல் முக்கியதற்கு ஓராண்டு அளவும் நின்றன. அவை குளிர்நாட்டு மீன்கள், நோயும் வேறு. ஆனாலும் குஞ்சின் எடை எவ்வளவு பேசுகிறது என்பதை அது காட்டுகிறது. உங்கள் ஓரங்குலக் குஞ்சு ஒரு கிராமைத் தொட்டிருக்காது.

தண்ணீரின் சூடும் ஒரு கணக்கு. மீனின் உடல் சூடு தண்ணீரின் சூடுதான், ஆகவே எதிர்ப்பொருள் ஊறும் வேகமும் அதைப் பொறுத்தது. குளிர்நாடுகளில் தண்ணீர்ச் சூட்டின் செல்சியஸ் பாகையையும் காத்திருக்கும் நாளையும் பெருக்கி, அந்தத் தொகை ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பார்கள். 12 பாகையில் 40 நாள் காத்திருக்க வேண்டிய இடத்தில் 28 பாகையில் பதினேழு நாள் என்று வரும். எல்லா மீனுக்கும் இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் தாமிரபரணித் தண்ணீரில் மீன் வளர்க்கும் நமக்கு அந்தக் குளிர்ச் சிக்கல் குறைவு என்பது ஒரு வசதி.

தாய் மீனுக்கு ஊசி

நான்கு கேள்விகளில் இதுதான் மிகச் சரியான இடத்தில் தொட்ட கேள்வி. தாய் மீனின் இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் மஞ்சள் கருவோடு முட்டைக்குள் போகிறது. ரோகுவில் இதை முட்டையிலும் பொரிந்த குஞ்சிலும் அளந்தே பார்த்திருக்கிறார்கள். குஞ்சு தானாகச் செய்யத் தொடங்கும் வரை உள்ள இடைவெளியில் ஒரு பகுதியை இது நிரப்புகிறது. நிரந்தரம் அன்று, நாளாக நாளாகக் கரைந்துவிடும். புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், சிஃபா என்பது அதன் சுருக்கப் பெயர், இந்த வழியை நம்பித்தான் தாய் மீன்களுக்கென்று சிஃபா புரூட் வேக் என்ற தடுப்பூசியை உருவாக்கியது.

நீங்கள் தாய் மீன் வைத்திருக்கவில்லை. ஆனால் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. தாய் மீனுக்குத் தடுப்பூசி போடுகிறீர்களா, முட்டையிடுவதற்கு எத்தனை வாரம் முன்னால் போட்டீர்கள், தாய் மீனை எத்தனை ஆண்டு வைத்திருக்கிறீர்கள் என்று பொரிப்பகத்தில் கேளுங்கள். முட்டையிடும் நாளன்று போட்ட ஊசிக்குப் பயன் இல்லை, எதிர்ப்பொருள் ஊறி முட்டைக்குள் இறங்கச் சில வாரங்கள் வேண்டும். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் நுண்குஞ்சு வாங்குவதைப் பற்றி மறுபடி யோசியுங்கள்.

ஐப்பசி மழைக்குப் பின் நடந்தது

பெரிய குளத்தில் செத்த அந்த அறுநூறு மீன்கள் வேறு கதை. கால் கிலோ மீனுக்கு எதிர்ப்பொருள் செய்யும் செல் முழுமையாக இருக்கிறது. இருந்தும் ஏன் காக்கவில்லை?

ஒரு காரணம் அந்தத் தலைச்சிறுநீரகத்துக்குள்ளேயே இருக்கிறது. மீன் அஞ்சும்போதும் திணறும்போதும் சுரக்கும் கார்டிசால் என்னும் சுரப்பு, மீனில் தனிச் சுரப்பியிலிருந்து வருவதில்லை. தலைச்சிறுநீரகத்தின் உள்ளே பொதிந்துள்ள திசுவிலிருந்தே வருகிறது. பி செல் பிறக்கும் அதே அறையில் அதைக் கொல்லும் சுரப்பும் ஊறுகிறது. கார்டிசால் மிகும்போது பி செல்கள், அதிலும் தூண்டப்பட்டு வேலையில் இறங்கியவை, மடிந்துபோவதைச் சாதாக்கெண்டையில் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு நாள் அடைமழையில் தண்ணீர் சட்டென்று குளிர்ந்து, வயல் தண்ணீர் புகுந்து காரத்தன்மை மாறி, வானம் மூடியதால் விடியற்காலையில் ஆக்சிஜன் குறைந்து, மீன்கள் வாயைப் பிளந்து மேலே வந்திருக்கும். மழைக்கு முந்தின வாரம் எடை பார்க்க வலை இழுத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இத்தனையும் சேர்ந்து வந்த வாரத்தில் மீனின் காவல் தாழ்ந்தே இருக்கும்.

இன்னொன்று, நோயின் பெயர். வயிறு உப்பிச் செதில் நிமிர்வது பெரும்பாலும் ஏரோமோனாஸ் என்னும் பாக்டீரியாவின் வேலை. அது குளத்தில் எப்போதும் இருக்கும், மீன் தளரும்போது தாக்கும். அதில் பல உள்வகைகள் இருப்பதால் ஒரு வகைக்கு ஊறிய எதிர்ப்பொருள் மற்றொன்றைப் பிடிக்காமல் போகலாம். தடுப்பூசி செய்வோருக்கு நீண்ட காலமாகத் தலைவலி இதுதான். ஆனால் சதையைக் குழியாகத் தின்ற சிவப்புப் புண்கள் அஃபனோமைசிஸ் என்னும் பூஞ்சை போன்ற உயிரால் வந்த புண் நோயாகவும் இருக்கலாம். மழைக்காலத்தில், தண்ணீர் குளிரும்போது வருவது அதன் வழக்கம். அதற்குப் பாக்டீரியா மருந்து எதுவும் கேட்காது. சுண்ணாம்பும், சிஃபா நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் கரைசலும்தான் வழக்கமான வழி. இரண்டும் ஒரே குளத்தில் கலந்தும் வரும். அப்போது தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்து கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். எந்த நோய் என்று தெரியாமல் அப்படிக் கலந்தது தவறு என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் போன்றவை உணவு மீனுக்குத் தடை செய்யப்பட்டவை. நீங்கள் கலந்தது என்ன என்று கடிதத்தில் இல்லை, அட்டையைத் தேடிப் பாருங்கள்.

வரும் ஐப்பசிக்கு முன், புரட்டாசிக் கடைசியில் தண்ணீரின் காரத்தன்மையைப் பார்த்துச் சுண்ணாம்பு இடுங்கள். வயல் தண்ணீர் நேராக இறங்காதபடி மடையை அடையுங்கள். மழை நாட்களில் தீவனத்தைக் குறையுங்கள். வலை இழுப்பதானால் மழை தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். மீன் ஓய்ந்து காவல் மீண்டும் ஏற அவ்வளவு நாள் கொடுப்பது நல்லது.

அத்தையிடம் ஒன்று சொல்லுங்கள். முறையான தடுப்பூசி போட்ட மீனில் ஊறுவது எதிர்ப்பொருள் என்னும் புரதம். குழம்பு கொதிக்கும்போது மற்றப் புரதத்தைப் போல அதுவும் வெந்துவிடும், அஞ்ச ஒன்றுமில்லை. அவருடைய அச்சம் ஆன்டிபயாடிக் கலந்த தீவனத்தைப் பற்றியதானால் அது நியாயமான அச்சம்.

புட்டியும் பணமும்

கால்நடைக்கும் மீனுக்குமான மருந்துகளும் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்துக்குள் வருகின்றன. செய்தவர் பெயர், உரிம எண், தொகுதி எண், செய்த நாள், காலாவதி நாள் எதுவும் இல்லாத புட்டியைத் தடுப்பு மருந்து என்று விற்க எவருக்கும் உரிமை இல்லை. முதலில் விற்றவரிடமே எழுத்தில் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கோருங்கள். பக்கத்து ஊர்க்காரர், நாளையும் முகத்தில் விழிக்க வேண்டியவர் என்று எழுதியிருப்பதால், சண்டையில்லாமல் முடிந்தால் நல்லதுதான். முடியவில்லையென்றால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புட்டியோடு புகார் கொடுக்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். “தொழிலுக்கு வாங்கியதால் நான் நுகர்வோர் ஆகமாட்டேன்” என்று நீங்கள் எண்ணுவது முழுச் சரியன்று. சொந்தப் பிழைப்புக்காகத் தாமே செய்யும் சுயதொழிலுக்கு வாங்கியதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கவில்லை. பிணக்கு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இரசீது இல்லாதது உங்கள் பக்கத்துப் பலவீனம். பணம் செல்பேசி வழியாகப் போனதாக எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பதிவைப் பத்திரமாக வையுங்கள்.

இனி ஒருமுறை மீன் சாகத் தொடங்கினால், முதல் நாளே தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்கோ மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ சொல்லிவிட்டு மீனைக் கொண்டு போங்கள். செத்து மிதந்து உப்பியதை எடுத்துப் போனால் அதில் வளர்ந்திருப்பது அழுகல் கிருமிதான், எதையும் கண்டுபிடிக்க முடியாது. புண்ணோடு உயிராக இருக்கும் மூன்று நான்கு மீன்களை, குஞ்சு வாங்கி வரும் ஆக்சிஜன் பையில் குளத்துத் தண்ணீரோடு, வெயில் ஏறும் முன் எடுத்துச் செல்லுங்கள். தண்ணீரைத் தனியாக ஒரு புட்டியிலும் எடுங்கள். வீட்டில் அறுத்துப் பார்க்காதீர்கள். அங்கே அவர்கள் கிருமியை வளர்த்துப் பார்க்க முதலில் ஊசி முனையால் தொடுவது முதுகெலும்பை ஒட்டிய அந்தக் கருஞ்சிவப்புச் சதையைத்தான். அது கைபடாமல் போய்ச் சேர வேண்டும்.